ஆல்பத்தில் யாரைத் தேடுவோம்?



வாசகர் வட்டத்தில் பேச வேண்டும் என்று கூப்பிட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. மேடைக்குக் கீழே நின்றுகொண்டு, "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, பெரியவரே, தாடையை இறக்குங்க" என்று சொல்லியே 40 வருடத்துக்குப் பக்கமாக ஓட்டிய கல்யாண போட்டோகிராபர் நான். மேடையில் ஏறி நிற்பது இதுதான் முதல் தடவை. விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கிறது. மணமக்களை இத்தனை காலம் என்ன பாடு படுத்தியிருக்கிறேன் என்று இப்போதுதான் உறைக்கிறது.

போன மாதம் ஓர் அம்மா போன் செய்தார். "அண்ணே, பொண்ணு கேண்டிட்தான் வேணுங்கறா. அவங்கப்பா ட்ரெடிஷனல் போதும், மத்ததெல்லாம் தண்டச் செலவுங்கறார். நீங்க சொல்லுங்க, எது நல்லது?" நான் பதில் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டேன். "உங்க கல்யாண ஆல்பம் வீட்ல இருக்காம்மா? கடைசியா எப்ப எடுத்துப் பாத்தீங்க?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "மாமியார் தவறினப்ப. பேப்பர்ல போடறதுக்குப் படம் தேடினோம். அந்த ஆல்பத்துலதான் முகம் தெளிவா ஒண்ணு கெடச்சுது."

இன்று நான் பேச வந்தது அந்த அம்மாவின் பதிலைப் பற்றித்தான். பாணியைப் பற்றியும் பேசுவேன், பயப்பட வேண்டாம்.

முதலில் இந்த 'ட்ரெடிஷனல்' என்ற சொல். ஏதோ தொல்காப்பியக் காலத்திலிருந்து வந்த வழக்கம் மாதிரி தொழிலில் எல்லோரும் சொல்கிறோம். மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, பெண்ணின் கழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அப்படியே உறைந்து கேமராவைப் பார்ப்பாரே, அந்தப் படத்துக்குப் பெயர் ட்ரெடிஷனல். அது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. அந்த வழக்கம் பிலிம் சுருளின் நீளத்திலிருந்து வந்தது. நான் உதவியாளனாகச் சேர்ந்த ஸ்டுடியோவில் யாஷிகா மேட் கேமரா இருந்தது. 120 பிலிம் போட்டால் சதுரமாக 12 படம், அவ்வளவுதான். ஒரு கல்யாணத்துக்கு நாலு ரோல் என்று பேசியிருந்தால் மொத்தம் 48 படம். ஜானவாசம், மாலை மாற்றுவது, ஊஞ்சல், முகூர்த்தம், பந்தி, கட்டுச்சாதம் எல்லாம் அந்த 48-க்குள் அடங்கியாக வேண்டும். ஒன்று அடித்தால் ஃபிளாஷ் மறுபடி ஏறச் சில விநாடி ஆகும். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்போம். இந்த லட்சணத்தில், நடக்கிறபடி நடக்கட்டும் என்று யார் எடுக்க முடியும்? நிறுத்தித்தான் எடுக்க முடியும். "மாப்பிள்ளே, அப்படியே நில்லுங்க" என்ற வாசகம் பிறந்த கதை இதுதான்.

அப்போது ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையிலிருந்து 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் வரும். 1967-ல் உற்பத்தி தொடங்கிய கம்பெனி. அந்தப் பிலிமில் எடுத்து, முறையாகக் கழுவி, நல்ல தாளில் போட்ட படங்கள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. அதற்குப் பிறகு ஆசைப்பட்டு எடுத்த கலர் படங்கள்தான் சிவந்துபோய்க் கிடக்கின்றன. 80-களில் கல்யாணம் செய்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மாமாவின் வெள்ளை வேட்டி கத்திரிப்பூ நிறத்தில் இருக்கும்.

அடுத்து 'கேண்டிட்'. ஆளை நிறுத்தாமல், நடக்கிறபடியே எடுப்பது. இது நேற்று முளைத்ததில்லை. 1920-களின் கடைசியில் எரிக் சாலமன் என்று ஒரு ஜெர்மானியர், தொப்பிக்குள் கேமராவை ஒளித்து வைத்து நீதிமன்றத்தில் படம் எடுத்தார். ராஜதந்திரிகள் கொட்டாவி விடுவதையும் குசுகுசுப்பதையும் எடுத்தார். அந்த வகைப் படங்களுக்குத்தான் லண்டன் பத்திரிகைக்காரர்கள் 'கேண்டிட் கேமரா' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த பெரிய பெயர், பிரான்ஸின் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன். கையில் சின்ன லைகா, ஃபிளாஷ் கிடையாது, யாரையும் நில் என்று சொல்ல மாட்டார். அவர் நமக்கு அவ்வளவு தூரத்து ஆள் இல்லை. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி சமாதி அடைந்தபோது திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தவர் அவர். அதே பாணி கல்யாண வீட்டுக்குள் நுழைந்தது அமெரிக்காவில். 1996-ல் ஜான் கென்னடியின் மகன், ஊருக்கே தெரியாமல் ஒரு தீவில் கல்யாணம் செய்துகொண்டார். சின்ன மரக்கோயிலிலிருந்து வெளியே வரும்போது புது மனைவியின் கையைப் பிடித்து முத்தமிடுகிறார். போட்டோகிராபர் டெனிஸ் ரெஜி அதைப் பிடித்துவிட்டார். யாரும் நில் என்று சொல்லவில்லை. அந்த ஒரு படம் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கல்யாணப் பெண்களைக் கெடுத்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆசையைக் கிளப்பியது என்கிறேன்.

நம் ஊருக்கு அது வந்து சேர டிஜிட்டல் வர வேண்டியிருந்தது. 2008-ல் கேனன் 5டி மார்க் 2 வந்தது. மங்கலான வெளிச்சத்திலும் படம் விழுந்தது, அதே கேமராவில் சினிமா மாதிரி வீடியோவும் வந்தது. அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஒரு பையன் கூட்டம் மண்டபத்துக்குள் வந்தது. எங்களை மாதிரி சஃபாரி சட்டைக்காரர்களை 'ட்ரெடிஷனல்' என்று அவர்கள்தான் பெயர் சூட்டி ஓரத்தில் நிறுத்தினார்கள். எனக்குக் கோபம் வந்தது உண்மை. அவர்கள் எடுத்த படங்களைப் பார்த்தபோது, கோபத்தை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்ததும் உண்மை. விடிகாலை நாலு மணிக்கு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து மடிசார் கொசுவம் பிடிக்கிறார்கள், அத்தையின் வாயில் ஊக்கு, பெண் தூங்கி வழிகிறாள். இந்தப் படம் என் 48-ல் ஒருநாளும் இடம் பெற்றிருக்காது.

ஆனால் இப்போது நடப்பதைப் பாருங்கள். "அக்கா, என்னைப் பாக்காதீங்க, இயல்பாச் சிரிங்க. இன்னொரு தடவை. அண்ணா, அவங்க காதுல ஏதாச்சும் சொல்லுங்க." இதற்கும் என் "அப்படியே நில்லுங்க"வுக்கும் என்ன வித்தியாசம்? நானாவது கேமராவைப் பார்க்கச் சொன்னேன். இவர் பார்க்காதது மாதிரி நடிக்கச் சொல்கிறார். மாப்பிள்ளை வாட்ச் கட்டுவது, பெண் ஜன்னலோரம் ஜிமிக்கியைத் தொடுவது, ஜன்னலில் ஹேங்கர் போட்டுத் தொங்கும் பட்டுப் புடவை. அந்த ஹேங்கர் வெள்ளை கவுனுக்கு ஏற்பட்டது. தையல் போட்ட உடுப்பு தொங்கினால்தான் அழகு. காஞ்சிபுரம் புடவை மடிப்பில் வாழ்வது. அதைப் போய் ஹேங்கரில் மாட்டினால் துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருக்கிறது. அதே புடவையை அம்மா முதன்முதலாகப் பெட்டியிலிருந்து எடுத்து மடிப்பு உதறும் விநாடியை ஒரு பையன் எடுத்தான். அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

இனி என் தோல்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1988 தை மாதம், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முதலாளி வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் என்னைத் தனியாக அனுப்பியிருந்தார். ஸ்டுடியோவுக்குப் புதிதாக வந்த 35 எம்.எம். கேமரா, 36 படம். முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் ரோல் மாற்றினேன். கெட்டிமேளம் தொடங்கி அட்சதை விழுந்து முடிய அரை நிமிடம்கூட ஆகாது. அதற்குள் அடித்துத் தள்ளினேன். பிறகு பாத பூஜை, அம்மி மிதிப்பது, பெரியவர்கள் ஆசீர்வாதம். எண்ணிக்கை 36 காட்டியது. லீவரைத் தள்ளினேன், போயிற்று. 37. 38. பிலிம் முடிந்தால் லீவர் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். என் லீவர் வெண்ணெயில் போவது மாதிரி போயிற்று. அப்போதுதான் இடது பக்கம் சுற்றும் குமிழைப் பார்த்தேன். பிலிம் நகர்ந்தால் அது சுழலும். அது அசையவே இல்லை. பிலிமின் நாக்கு உருளையில் மாட்டவே இல்லை. முகூர்த்தம் முழுக்க ஒரு கட்டம்கூட நகரவில்லை.

பெண்ணின் அப்பா காலில் நான் விழாத குறை. யாரோ, "இன்னொரு தடவை கட்டற மாதிரி எடுத்துரலாமே" என்றார்கள். பெண்ணின் அம்மா ஒரே வார்த்தை சொன்னார்: "தாலி என்ன, விளையாட்டுச் சாமானா?" அதோடு பேச்சு முடிந்தது. கடைசியில், பெண்ணின் அத்தை பையன் ஒரு ஹாட் ஷாட் கேமராவில் பின்னால் நின்று எடுத்த படம் ஒன்று கிடைத்தது. பாதிப் படத்தைச் சாஸ்திரிகளின் முதுகு மறைத்திருந்தது. மாப்பிள்ளை ஒரு தோளாகத் தெரிந்தார். பெரிதாக்கினால் அரிசி அரிசியாகப் புள்ளி. வேறு வழியில்லாமல் அதையே ஆல்பத்தில் வைத்தார்கள். பல வருடம் அந்தத் தெரு வழியாகப் போவதையே தவிர்த்தேன். பிறகு அந்த வீட்டுப் பேத்தியின் கல்யாணத்துக்கு என்னையே கூப்பிட்டார்கள். (பழி வாங்கத்தான் என்று நினைத்தேன்.) அந்த ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினார், அன்றைக்கு விளையாட்டுச் சாமானா என்று கேட்ட அம்மா. அந்த அரைகுறைப் படத்தில் விரலை வைத்தார். நாத்தனார் முடிச்சுப் போடும் கைக்குப் பின்னால், ஓரத்தில், கண்ணை மூடிக் கைகூப்பியபடி ஒரு கிழவி. "எங்கம்மா. அந்த ஆடியில போயிட்டா. இதுலதான் இருக்கா."

அவர் சாஸ்திரிகளின் முதுகைப் பார்க்கவில்லை, புள்ளியைப் பார்க்கவில்லை, கோணத்தைப் பார்க்கவில்லை. ஆல்பத்தை யார் திறந்தாலும் ஆளைத் தேடித்தான் திறக்கிறார்கள் என்று எனக்குப் புரிய அத்தனை வருடம் ஆயிற்று.

அதனால்தான் நான் முன்பு கேலி செய்த ஒரு பழக்கத்துக்காக இப்போது வாதாடுகிறேன். வரவேற்பு மேடையில் வரிசையாக ஏறி, மொய்க் கவரைக் கொடுத்து, நாலு விநாடி நின்று, இறங்குகிறார்களே, அந்தப் படம். வி.எச்.எஸ். கேசட் காலத்தில் ஆயிரம் வாட் சன்கன் விளக்கு முகத்தில் அடிக்க, எல்லோரும் வியர்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். கலை என்று ஒரு துளி கிடையாது. ஆனாலும் அதில்தான் பெரியப்பாவின் முழு முகம் இருக்கிறது. பக்கத்து வீட்டு டீச்சர் இருக்கிறார். அப்பாவோடு சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை நின்றுபோன சித்தப்பா, அன்றைக்கு வந்தார் என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. நல்ல கேண்டிட்காரர் மணமக்களை 800 படம் எடுப்பார். பின்னணியில் மங்கலாகத் தெரியும் சிவப்புப் புடவை யார் என்று பத்து வருடம் கழித்து யாருக்கும் சொல்லத் தெரியாது. லென்ஸின் வாயை அகலத் திறந்து பின்னணியைக் கரைத்துவிடுகிறார்கள். அந்தக் கரைசலில்தான் உங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே போன் செய்த அம்மாவுக்கு நான் சொன்னது: இரண்டும் வேண்டும், பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், ஆளை நிறுத்தி எடுக்கத் தெரிந்த, அதே சமயம் முகூர்த்தத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். தேடும் விதத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

இன்ஸ்டாகிராமில் 20 படம் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். 50 கல்யாணத்திலிருந்து பொறுக்கிய 20 அது. "ஒரே ஒரு கல்யாணம், முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை காட்டுங்க" என்று கேளுங்கள். அதுவும் உங்கள் மண்டபம் மாதிரி ஒரு மண்டபத்தில் எடுத்ததாக இருக்கட்டும். கடற்கரை ரிசார்ட்டில் மாலை வெயிலில் யார் எடுத்தாலும் படம் நன்றாகத்தான் வரும். டியூப் லைட், ஊதா எல்.ஈ.டி., பின்னால் தெர்மாகோல் அலங்காரம், நடுவில் ஓமப்புகை. இதில் என்ன செய்தார் என்று பாருங்கள். புகைக்கு நேராக ஃபிளாஷ் அடித்தால் வெளிச்சம் புகையிலேயே பட்டுத் திரும்பி, படம் மோர் ஊற்றிய மாதிரி வெளுக்கும். விவரம் தெரிந்தவர் விளக்கைப் பக்கவாட்டில் கொண்டுபோய் வைப்பார். அதே புகை அப்போது அழகாகச் சுருண்டு தெரியும். படத்தைப் பார்த்தாலே ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது நிறம். இதைப் பேசாமல் இறங்க மாட்டேன். பிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி, படம் கழுவும் கடைகள் நிறத்தைச் சரிபார்க்க ஒரு அட்டை அனுப்பும். அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படம் இருக்கும். முதலில் மாடலாக இருந்தவர் பெயரில் 'ஷர்லி கார்டு' என்பார்கள். 1950-களிலிருந்து பல பத்தாண்டுகள், அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி என்று கணக்கு. மாநிறமும் கறுப்பும் சேர்ந்த அட்டை வர 1990-கள் ஆயிற்று. அட்டை மாறிவிட்டது, நம் புத்தி மாறவில்லை. கறுப்பான பெண்ணை மாவு பூசிய மாதிரி வெளுக்க வைத்துக் கொடுக்கிறார்கள், கேட்காமலேயே. நானும் செய்திருக்கிறேன். மாதிரி ஆல்பத்தைப் புரட்டும்போது முகத்தைப் பார்க்காதீர்கள். காதையும் கழுத்தையும் புறங்கையையும் பாருங்கள். முகம் ஒரு நிறம், காது ஒரு நிறம் என்றால் அந்த ஸ்டுடியோவின் வழக்கம் தெரிந்துவிடும். "எங்க பொண்ணு நிறம் அப்படியே இருக்கணும்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் வெளுத்துத்தான் வரும்.

கல்யாணத்தின் வகையும் பாணியைத் தீர்மானிக்கும். நிக்காஹ் என்றால் பெண்கள் பகுதிக்குள் பெண் போட்டோகிராபர்தான் போக முடியும். இல்லாவிட்டால் பாதிக் கல்யாணம் ஆல்பத்தில் இருக்காது. கூறைப்புடவை மாற்றும் அறைக்கும் அதே கதைதான். சர்ச்சில் பூசை நடக்கும்போது ஃபிளாஷ் போடலாமா என்று பாதிரியாரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். சுயமரியாதைத் திருமணம் ரொம்பச் சுருக்கம். மாலை மாற்றி, உறுதிமொழி சொன்னால் முடிந்தது. அங்கே படம் மேடையில் இருப்பதைவிட, பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில்தான் இருக்கும்.

ப்ரீ வெட்டிங் ஷூட் பற்றிக் கேட்பீர்கள். செய்துகொள்ளுங்கள். கேமரா முன்னால் கூச்சம் விட்டுப்போகும், அந்த மட்டும் லாபம். தனுஷ்கோடி வரை போக வேண்டியதில்லை. ட்ரோன்? ஒரு திறந்தவெளி வரவேற்பில் அது தாழப் பறந்து, பரிமாறாத வாழையிலைகளைத் தோட்டம் முழுக்கப் பறக்கவிட்டதைப் பார்த்த பிறகு எனக்கு அதில் ஈடுபாடு குறைந்துவிட்டது.

பேசி முடித்த பிறகு, எழுதி வாங்க வேண்டியவை. நேரில் வரப்போவது யார், உங்களிடம் பேசியவரா, அவர் அனுப்பும் ஆளா? படம் யாருக்குச் சொந்தம்? 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எடுத்தவர் இல்லை. நிறைய ஸ்டுடியோக்காரர்களுக்கே இது தெரியாது. ஆனால், 'வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்பதைக் கவனியுங்கள். பொடி எழுத்தில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால், உங்கள் பெண் அழுகிற படம் அவர்கள் விளம்பரத்தில் வரும், தடுக்க முடியாது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அதைவிட முக்கியமாக, ஒரு ஆள் பட்டியல் எழுதுங்கள். 25 பேர், 30 பேர் போதும். பாட்டி, தாய்மாமன், ஊரிலிருந்து வரும் பெரியம்மா, பெண்ணின் பள்ளிக்கூடத் தோழி, சின்ன வயதில் எடுத்து வளர்த்த அக்கா. பட்டியலை போட்டோகிராபர் கையில் மட்டும் கொடுத்தால் போதாது. அவருக்கு யார் முகமும் தெரியாது. ஊர் ஆட்களை எல்லாம் அறிந்த, கொஞ்சம் சத்தமாகப் பேசக்கூடிய மாமா ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவரிடம் கொடுத்து போட்டோகிராபரோடு ஒட்டவிடுங்கள். முகூர்த்தம் முடிந்து பந்தி தொடங்குவதற்குள் அரை மணி நேரம் கிடைக்கும். பாட்டியை மேடைக்கு ஏற்றாதீர்கள். அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு மணமக்களை அனுப்புங்கள். பாட்டி கண் மூடியிருந்தால் இன்னொன்று எடுக்கச் சொல்லுங்கள். இப்போது பிலிம் கிடையாது, காசு ஆகாது.

படங்கள் வந்ததும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, இரண்டையும் இரண்டு வீட்டில் வையுங்கள். ஒன்று கட்டாயம் ஒருநாள் கெட்டுப்போகும். கரிஷ்மா ஆல்பம் கனமாக, பளபளப்பாக வரும், வரட்டும். அதுபோக 40 படம் தனித்தாளில் போட்டு வாங்குங்கள், அந்தப் பட்டியலில் இருக்கிறவர்கள் எல்லோரும் வருகிற மாதிரி. ஒட்டுப் பசை போட்ட ஆல்பத்தில் மட்டும் வைக்காதீர்கள், பசை படத்தைத் தின்றுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றின் பின்பக்கமும் பெயரும் உறவும் ஊரும் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். மெத்தென்ற பென்சில் போதும். தாளின் முதுகு பிளாஸ்டிக் மாதிரி வழுக்கினால் பென்சில் பிடிக்காது, சி.டி. மேல் எழுதும் பேனாவால் எழுதி, நன்றாகக் காய்ந்த பிறகு அடுக்குங்கள். "பாட்டி" என்று மட்டும் எழுதாதீர்கள். யாருடைய பாட்டி என்று எழுதுங்கள்.